முதல் வேலை, முதல் சம்பளம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கல்லூரி முடித்து வேலைக்குச் சேரும் காலம் இது. அண்மையில் பட்டம் பெற்றவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் கேட்டவற்றில் சில கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம். ஆஃபர் லெட்டரில் இருக்கும் தொகையை நம்பி, சம்பளம் கைக்கு வருவதற்கு முன்பே மாதத் தவணைகளுக்கு வாக்குக் கொடுத்துவிடுவதுதான் பல சிக்கல்களுக்குத் தொடக்கமாக இருக்கிறது. அதனால் முதல் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறோம்.

பி.இ. முடித்திருக்கிறேன். சென்னையில் வேலை கிடைத்திருக்கிறது. சி.டி.சி. ஆண்டுக்கு 3.6 லட்சம். மாதம் 30,000 ரூபாய் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். ஆனால், 'இருபத்து மூன்றுதான் கைக்கு வரும்' என்கிறார் சீனியர் அக்கா. மீதி 7,000 எங்கே போகிறது?
– வாசகி, விருதுநகர்

அவர் சொல்வது சரிதான். சி.டி.சி. என்பது உங்களுக்காக நிறுவனம் ஓராண்டில் ஒதுக்கும் மொத்தச் செலவு. அதில் ஒரு பகுதிதான் உங்கள் சம்பளம். ஆஃபர் லெட்டரோடு 'அனெக்ஷர்' என்று ஓர் அட்டவணை இணைத்திருப்பார்கள். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கீழே உள்ள கணக்கைப் படியுங்கள். ஒவ்வொரு நிறுவனத்திலும் பிரிப்பு மாறும், ஆனால் தலைப்புகள் ஏறக்குறைய இவைதான்.

மாதம் 30,000 ரூபாயில் அடிப்படைச் சம்பளம், அதாவது பேசிக், 15,000 என்று வைத்துக்கொள்வோம். அதில் 12 சதவீதமான 1,800 ரூபாயை நிறுவனம் தன் பங்கு பி.எஃப்.ஆக, அதாவது வருங்கால வைப்பு நிதியாகக் கட்டும். அது உங்கள் பணம்தான், ஆனால் இப்போது கைக்கு வராது. பணிக்கொடை எனப்படும் கிராஜுவிட்டிக்காக பேசிக்கில் 4.81 சதவீதம், அதாவது சுமார் 722 ரூபாய் காட்டுவார்கள். நிரந்தர ஊழியர் 5 ஆண்டுகள் தொடர்ந்து பணிபுரிந்தால்தான் அது கிடைக்கும். குழு மருத்துவக் காப்பீட்டுக்கு 478, வேலைத்திறனைப் பொறுத்து மாறும் தொகையான 'வேரியபிள் பே' 2,000. இவை நான்கும் போனால் மிச்சம் 25,000. பே-ஸ்லிப்பில் மொத்தச் சம்பளம் என்று வருவது இந்தத் தொகைதான். இதிலிருந்து உங்கள் பங்கு பி.எஃப். 1,800 பிடிப்பார்கள். தொழில் வரி தமிழ்நாட்டில் அரையாண்டுக்கு ஒருமுறை, உச்சபட்சம் 1,250 ரூபாய், அதாவது மாதக் கணக்கில் 208. கைக்கு வருவது 22,992 ரூபாய். உங்கள் சீனியர் சொன்ன இருபத்து மூன்று இதுதான்.

வருமான வரி உங்களுக்கு வராது. புதிய வரி முறையில் 75,000 ரூபாய் நிலையான கழிவையும் சேர்த்தால், சம்பளம் 12.75 லட்சம் வரை வரி இல்லை.

இந்த அட்டவணையில் நீங்கள் விழிப்பாக இருக்க வேண்டிய இடம் 'வேரியபிள் பே'. அதை மாதாமாதம் தருவார்களா, காலாண்டுக்கா, ஆண்டு முடிவிலா என்று கேளுங்கள். ஆண்டு முடிவில் என்றால், இடையில் விலகுபவருக்கு உண்டா என்பதையும் கேளுங்கள். பெரும்பாலும் இருக்காது. அது வந்தால் வரட்டும். மாதக் கணக்கில் அதைச் சேர்க்க வேண்டாம். அதேபோல 'ஜாயினிங் போனஸ்' என்று ஒரு தொகை இருந்தால், ஓராண்டுக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை கீழே சிறிய எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பயிற்சிக் காலத்தில் முழுச் சம்பளமா, வெறும் ஸ்டைப்பெண்டா என்பதும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது. ஸ்டைப்பெண்டு என்றால் முதல் சில மாதங்களுக்கு மேலே சொன்ன கணக்கே மாறிவிடும்.

பி.எஃப். பற்றி இன்னும் கொஞ்சம். உங்கள் 1,800 முழுவதும் பி.எஃப். கணக்குக்குப் போகும். நிறுவனம் கட்டும் 1,800இல் 1,250 ஓய்வூதியத் திட்டத்துக்கும் 550 பி.எஃப்.புக்கும் போகும். ஒரு மாதத்துக்கான தொகையை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் நிறுவனம் கட்டியாக வேண்டும். பே-ஸ்லிப்பில் பிடித்ததாகக் காட்டிவிட்டுக் கணக்கில் கட்டாமல் விடும் சிறு நிறுவனங்களும் உண்டு. எனவே இரண்டாவது சம்பளம் வந்த பிறகு பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். கூடவே ஆன்லைனில் நாமினியையும் பதிவுசெய்துவிடுங்கள். பணியில் இருக்கும்போது உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும் காப்பீடு பி.எஃப்.போடு சேர்ந்தே வருகிறது. நாமினி பதிவு இல்லாவிட்டால் அதை வாங்க வீட்டார் அலைய வேண்டியிருக்கும்.

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் 16,000 ரூபாய் சம்பளம். இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாமா?
– வாசகர், தருமபுரி

முடியாது. இ.எஸ்.ஐ. என்பது தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு, மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு அது கட்டாயம். உங்களிடம் பிடிப்பது 0.75 சதவீதம், அதாவது 120 ரூபாய். நிறுவனம் 3.25 சதவீதம், அதாவது 520 ரூபாய் கட்டுகிறது. உங்களை நம்பி வாழும் அப்பா அம்மாவுக்கும் இதில் சிகிச்சை உண்டு. தனியாரில் இந்த விலைக்கு யாரும் தர மாட்டார்கள். நோய்வாய்ப்பட்டு வேலைக்குப் போக முடியாவிட்டால், தேவையான நாட்களுக்குப் பங்களிப்பு செலுத்தியிருந்தால், ஆண்டில் 91 நாட்கள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். நீங்கள் செய்ய வேண்டியது, குடும்பத்தினர் பெயரும் புகைப்படமும் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்து, அடையாள அட்டையை அச்செடுத்து வீட்டில் கொடுத்து வைப்பது. இதைச் செய்யாமல் விட்டுவிட்டு, அவசரத்தில் மருத்துவமனை வாசலில் நின்று எச்.ஆருக்கு போன் செய்பவர்கள்தான் அதிகம்.

மதிப்பெண் பட்டியலில் 'கார்த்திக் எஸ்', ஆதாரில் 'கார்த்திக் செல்வம்', பான் அட்டையில் 'செல்வம் கார்த்திக்' என்று இருக்கிறது. பிறந்த தேதியெல்லாம் சரி. வேலையில் சேரும்போது பிரச்சினை வருமா?
– வாசகர், திண்டுக்கல்

வரும். இனிஷியல் வைத்து எழுதும் நம் வழக்கத்தால் தமிழ்நாட்டில் இது வீட்டுக்கு வீடு இருக்கும் சிக்கல். பான் விண்ணப்பத்தில் கடைசிப் பெயர் கட்டாயம், அதில் இனிஷியலை ஏற்க மாட்டார்கள். எனவே அப்பா பெயர் அங்கே போகும். பூர்த்திசெய்து தருபவர் எந்தக் கட்டத்தில் எதை எழுதினாரோ, அட்டையும் அப்படியே வந்துவிடும்.

மதிப்பெண் பட்டியலில் இனிஷியலும் ஆதாரில் அதன் விரிவும் இருந்தால் பொதுவாகப் பெரிய தடை இல்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அப்பா பெயர் இருப்பதால் பொருத்திப் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் ஆதார், பான், வங்கிக் கணக்கு மூன்றும் ஆங்கிலத்தில் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். பி.எஃப். கணக்கு எண்ணான யு.ஏ.என். ஆதார்ப் பெயரில்தான் உருவாகிறது. அதோடு பான் பெயர் பொருந்தாவிட்டால் கே.ஒய்.சி., அதாவது உங்கள் ஆவணச் சரிபார்ப்பு நிற்கும். இந்த வேலையை விட்டுப் போகும்போது பணத்தை மாற்றுவதும் எடுப்பதும் அதோடு நின்றுவிடும்.

திருத்தும்போது வரிசை முக்கியம். முதலில் ஆதாரை முடிவுசெய்யுங்கள். உங்கள் ஆதார் ஏற்கெனவே சரியாக இருப்பதால் அதைத் தொட வேண்டாம். ஆதாரில் பெயரை வாழ்நாளில் 2 முறையும் பிறந்த தேதியை ஒரே முறையும்தான் மாற்றலாம். அவசரப்பட்டு அந்த வாய்ப்பைச் செலவழிக்கக் கூடாது. பான் அட்டையில் திருத்தத்துக்கு விண்ணப்பித்து, பெயர் 'கார்த்திக் செல்வம்' என்றே அச்சாகும்படி கேளுங்கள். அதன் பிறகு வங்கிக் கணக்கு. கடைசியாக நிறுவனத்தின் சேர்க்கைப் படிவத்தில் 'ஆதாரில் உள்ளபடி பெயர்' என்ற இடத்தில் அதையே எழுதுங்கள். பான் திருத்தம் முடிய சில வாரங்கள் ஆகலாம். ஆஃபர் வந்த அன்றே தொடங்குவது நல்லது.

இன்னொன்று. ஆதாரோடு இணைந்திருக்கும் மொபைல் எண் யாருடையது என்று பாருங்கள். பள்ளி நாட்களில் அப்பாவின் எண்ணைக் கொடுத்திருப்பார்கள். 2025 ஆகஸ்ட் முதல் புதிய யு.ஏ.என். எண்ணை உமங் செயலியில் முகம் காட்டித்தான் உருவாக்க வேண்டும். அந்த நேரத்தில் ஓ.டி.பி. ஊரில் இருக்கும் அப்பாவின் போனுக்குப் போனால், அவர் வயலிலோ வண்டியிலோ இருப்பார். எண்ணை ஆதார் சேவை மையத்துக்கு நேரில் போய் மாற்றலாம். சென்னைக்குக் கிளம்பும் முன்பே முடித்துவிடுங்கள்.

மகள் முதல்முறையாகச் சென்னைக்கு வேலைக்குப் போகிறாள். கையில் எவ்வளவு கொடுத்து அனுப்ப வேண்டும்?
– வாசகி, மன்னார்குடி

35,000 ரூபாய் வரை ஏற்பாடு செய்யுங்கள். முழுவதையும் ஒரேயடியாகக் கொடுக்க வேண்டாம், 25,000 கொடுத்துவிட்டு 10,000ஐ வீட்டில் தனியாக வையுங்கள்.

மூன்று பேர் தங்கும் பி.ஜி. அறை சாப்பாட்டோடு மாதம் 7,500 என்று எடுத்துக்கொண்டால், வாடகையும் ஒரு மாத அட்வான்ஸும் சேர்த்து 15,000. மெத்தை, தலையணை, வாளி, பூட்டு என்று 1,500. அலுவலகத்துக்கு ஏற்ற இரண்டு மூன்று செட் துணி, செருப்புக்கு 4,000. மதியச் சாப்பாடு 80 ரூபாய் வீதம் 22 நாளுக்கு 1,760. போக்குவரத்து 1,000. சான்றிதழ் நகல், புகைப்படம், மருத்துவப் பரிசோதனைக்கு 1,300. கூட்டினால் 24,560.

மீதியை ஏன் தனியே வைக்கச் சொல்கிறோம் என்றால், பல நிறுவனங்களில் அந்த மாதச் சம்பளப் பட்டியலை 20ஆம் தேதி வாக்கில் முடித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு அந்த மாதத்து நாட்களின் சம்பளமும் அடுத்த மாத இறுதியில்தான் வரும். முதல் சம்பளத்துக்கு 40 நாட்கள் காத்திருக்க நேர்ந்தால், நண்பர்களிடமோ கடன் செயலியிடமோ போகாமல் இருக்க அந்த 10,000 உதவும்.

பி.ஜி.யில் அட்வான்ஸ் கொடுக்கும்போது மூன்றைக் கேட்டு, ரசீதில் எழுதி வாங்கச் சொல்லுங்கள். காலி செய்ய எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும், அட்வான்ஸில் பராமரிப்பு என்று எவ்வளவு பிடிப்பார்கள், ஞாயிறு மதியம் சாப்பாடு உண்டா. வாட்ஸ்அப்பில் படம் பார்த்து முன்பணம் அனுப்பவே வேண்டாம். தமிழ்நாடு அரசின் 'தோழி' மகளிர் விடுதிகள் அடையாறு, கூடுவாஞ்சேரி உட்படப் பல இடங்களில் இருக்கின்றன. இடம் கிடைத்தால் பாதுகாப்பிலும் செலவிலும் அதுவே நல்லது. அரசு சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லை என்பதால், அலுவலக வழித்தடத்தில் அந்தப் பேருந்து அடிக்கடி வருகிறதா என்று பார்த்து விடுதியைத் தேர்ந்தெடுத்தால் மேலே சொன்ன 1,000 ரூபாயும் மிச்சம். மற்றவர்களுக்கு மாநகரப் பேருந்து மாதப் பாஸ் 1,000 ரூபாய்.

தோழிகளோடு சேர்ந்து வீடு எடுப்பதாக இருந்தால் ஆறு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். 2017ஆம் ஆண்டு தமிழ்நாடு வாடகைச் சட்டம் 3 மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. ஆனால் இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் அது செல்லும் என்றும் அதே சட்டம் இடம் தருகிறது. அதனால் பெரிய தொகை கேட்கும் வீட்டுக்காரர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

கைக்கு 23,000 வருகிறது. அப்பா, 'சம்பளத்தை அப்படியே வீட்டுக்கு அனுப்பு, செலவுக்கு வேண்டியதை நான் தருகிறேன்' என்கிறார். மறுத்தால் மனம் நோகும். என்ன செய்ய?
– வாசகர், சேலம்

அப்பா கேட்பதில் அக்கறை இருக்கிறது. உங்கள் படிப்புக்காக வாங்கிய கடன்கள் அவர் தலையில் இருக்கலாம். ஆனாலும் முழுச் சம்பளத்தையும் அனுப்பிவிட்டுத் திரும்பக் கேட்டு வாங்கும் ஏற்பாடு இரண்டு மூன்று மாதத்தில் இருவருக்குமே கசந்துவிடும். பி.ஜி. வாடகை 5ஆம் தேதி கட்ட வேண்டியிருக்கும். அப்பா அந்தப் பணத்தை அவசரத்துக்கு எடுத்திருப்பார். அவரைக் கேட்கவும் முடியாது, வாடகையைத் தள்ளவும் முடியாது.

அதற்குப் பதில், ஒரு தாளில் கணக்கு எழுதி அவரிடமே காட்டுங்கள். பி.ஜி. 7,500, மதியச் சாப்பாடு 1,760, பேருந்துப் பாஸ் 1,000, போன் 350, சோப்பு, முடிவெட்டு, மாத்திரை போன்றவற்றுக்கு 800. இது வரை 11,410. வீட்டுக்கு 4,000. கல்விக் கடன் இருந்தால் அதன் வட்டி சுமார் 3,300 (கணக்கு அடுத்த பதிலில்). ஊருக்கு வந்து போக 1,000. அவசரத்துக்குச் சேமிப்பு 2,000. மொத்தம் 21,710. மிஞ்சும் 1,290 உங்கள் டீ, சினிமா, துணிமணிக்கு. அதற்கு யாரிடமும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுக்கு அனுப்பும் தொகையை மாதம் 2ஆம் தேதி தானாகப் போகும்படி வங்கியில் உத்தரவு கொடுத்து வையுங்கள். தொகை சிறியதாக இருந்தாலும் தேதி தவறாமல் போனால் அப்பாவும் அதை வைத்துத் திட்டமிடுவார். கேட்கும்போதெல்லாம் 1,000, 2,000 என்று கொடுப்பதில் எவ்வளவு போனது என்பது இருவருக்குமே தெரியாது. கடன் சுமை இருக்கிறதென்றால், எந்தக் கடன், என்ன வட்டி என்று கேட்டு, வட்டி அதிகமான ஒன்றை நீங்கள் நேரடியாகக் கட்டுவதாக ஏற்றுக்கொள்ளலாம். அடகு வைத்த நகை பெரும்பாலும் அந்தப் பட்டியலில் முதலில் இருக்கும்.

பட்ஜெட் உடைவது மாதச் செலவில் அல்ல, ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை வரும் செலவில்தான். 28 நாள் ரீசார்ஜ் ஆண்டுக்கு 13 முறை வரும். தீபாவளிக்கு வீட்டில் எல்லோருக்கும் துணி எடுக்க நீங்கள் ஆசைப்படுவீர்கள். அதற்கு ஜூலையிலிருந்தே மாதம் 1,000 வைத்தால்தான் முடியும். முதல் வருடம் மிஞ்சும் 1,290இல் பாதியையாவது அதற்கு ஒதுக்குங்கள். ஊருக்கான ரயில் முன்பதிவு பயண நாளுக்கு 60 நாட்கள் முன்பு திறக்கும். அந்தத் தேதியைக் குறித்து வைக்காதவர்கள் கடைசியில் ஆம்னி பேருந்துக்குப் பல மடங்கு கொடுக்கிறார்கள்.

சேமிப்பு 2,000ஐ சம்பளக் கணக்கிலேயே விட்டால் நிற்காது. யு.பி.ஐ. இணைக்காத இன்னொரு கணக்கிலோ ஆர்.டி. எனப்படும் தொடர் வைப்பிலோ போடுங்கள். மூன்று மாதச் செலவு சேரும் வரை வேறு எந்த முதலீட்டைப் பற்றியும் யோசிக்க வேண்டாம்.

கல்விக் கடன் 4 லட்சம் நிற்கிறது. படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துக் கட்டினால் போதும் என்கிறார்கள். காத்திருக்கலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

வேலை கிடைத்துவிட்டது என்றால் காத்திருக்காதீர்கள். பொதுவாகப் படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்டத் தேவையில்லை. ஆனால் அந்த நாட்களிலும் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். 10 சதவீதம் என்றால் மாதம் 3,333 ரூபாய். கட்டாத வட்டியெல்லாம் தவணை தொடங்கும் அன்று அசலோடு சேர்ந்துவிடும், பிறகு அதற்கும் வட்டி. முதல் சம்பளத்திலிருந்து அந்த 3,333ஐ மட்டும் கட்டி வந்தால் அசல் 4 லட்சத்திலேயே நிற்கும்.

தவணை தொடங்கியதும் 7 ஆண்டு என்றால் மாதம் சுமார் 6,640 வரும். சம்பளம் கூடிய பிறகு அதோடு 1,500 சேர்த்து 8,140ஆகக் கட்ட முடிந்தால், கடன் சுமார் 20 மாதம் முன்பே முடியும். வட்டியில் 41,000 ரூபாய் அளவுக்கு மிஞ்சும். கூடுதலாகக் கட்டும்போது 'அசலில் வரவு வையுங்கள்' என்று எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் சில கிளைகளில் அடுத்த தவணைக்கான முன்பணமாக வைத்துவிடுவார்கள்.

குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தொழிற்கல்விப் படிப்புகளுக்குத் தவணை தொடங்கும் வரையிலான வட்டியை மத்திய அரசே ஏற்கும் மானியத் திட்டம் உண்டு. உங்கள் கடனுக்கு அது கேட்கப்பட்டிருக்கிறதா என்று கிளையில் விசாரியுங்கள்.

ஒருவேளை வேலை போய்விட்டால், தவணை தவறுவதற்கு முன்பே எழுத்தில் கால நீட்டிப்புக் கேளுங்கள். 90 நாள் பாக்கி விழுந்தால் கடன் வாராக்கடன் ஆகிவிடும். கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திட்ட உங்கள் அப்பாவின் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் மதிப்பெண்ணும் சேர்ந்தே கெடும். நாளை தங்கைக்குக் கல்விக் கடன் கேட்டுப் போனால் அது அங்கே தெரியும்.

வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது. இன்ஷூரன்ஸ் ஏஜென்டாக இருக்கும் மாமா, மாதம் 3,000 வீதம் 20 வருடப் பாலிசி போடச் சொல்கிறார். வரியும் மிச்சமாகும் என்கிறார். போடலாமா?
– வாசகர், கோவில்பட்டி

இப்போது வேண்டாம். வரி மிச்சம் என்பது உங்களுக்குப் பொருந்தாது. புதிய வரி முறையில் காப்பீட்டுப் பிரீமியத்துக்கான கழிவு இல்லை, உங்கள் சம்பளத்துக்கு வரியும் இல்லை. இருபது வருடத்தில் நீங்கள் கட்டுவது 7.2 லட்சம். சேமிப்பும் காப்பீடும் கலந்த இத்தகைய பாலிசிகளில் காப்பீட்டுத் தொகையும் ஏறக்குறைய அதே அளவில்தான் இருக்கும். இரண்டு மூன்று வருடத்தில் கட்ட முடியாமல் நிறுத்தினால், கட்டியதில் பெரும்பகுதி போய்விடும். முதல் வேலையில் இருப்பவருக்கு அப்படி நிறுத்த நேர்வது சாதாரணம்.

அப்பா அம்மா உங்கள் வருமானத்தை நம்பி இருந்தால் உங்களுக்குத் தேவை டேர்ம் பாலிசி, அதாவது இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் காப்பீடு. உங்கள் வயதில் 50 லட்சத்துக்கு ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய்தான் ஆகும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவ பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை. 'வேலை உறுதியானதும் டேர்ம் பாலிசியை உங்களிடமே போடுகிறேன் மாமா' என்று சொல்லுங்கள். உறவும் கெடாது. ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டால், பாலிசி கைக்கு வந்த 30 நாட்களுக்குள் எழுதிக் கொடுத்து ரத்து செய்யலாம். சிறு பிடித்தம் போகப் பணம் திரும்பும்.

2 வருட பாண்டு, இடையில் விலகினால் 1 லட்சம் என்கிறார்கள். அசல் சான்றிதழ்களும் கையெழுத்திட்ட 2 வெற்றுக் காசோலைகளும் கேட்கிறார்கள். 'பாண்டெல்லாம் கோர்ட்டில் செல்லாது' என்கிறான் நண்பன்.
– வாசகர், ஈரோடு

நண்பர் சொல்வதை நம்பிக் கையெழுத்துப் போட வேண்டாம். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், 3 ஆண்டுகளுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்காக எழுதிய தொகை முழுவதும் எப்போதும் கிடைத்துவிடும் என்றும் இல்லை. ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட தொகைக்கு மேற்படாமல் நியாயமான இழப்பீடுதான். நிறுவனம் உண்மையிலேயே பயிற்சிக்குச் செலவு செய்கிறதா, மாதம் ஆக ஆகத் தொகை குறையுமா, நிறுவனமே அனுப்பிவிட்டால் என்ன என்று கேட்டு, ஒப்பந்தத்தில் எழுதச் செய்யுங்கள். நகல் ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும்.

அசல் சான்றிதழைக் காட்டலாம், ஒப்படைக்கக் கூடாது. சுய கையொப்பமிட்ட நகல் போதும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் ஒவ்வொன்றின் பெயரும் தேதியும் எழுதி, நிறுவன முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள்.

வெற்றுக் காசோலையைக் கட்டாயம் மறுத்துவிடுங்கள். அவர்கள் நினைத்த தொகையை எழுதிப் போட்டுப் பணமில்லாமல் திரும்பினால், மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138ஆம் பிரிவில் உங்கள் மேல் குற்ற வழக்கே வரலாம். காசோலை இல்லாமல் வேலை இல்லை என்று ஒரு நிறுவனம் சொன்னால், அந்த வேலை இல்லாமலே இருக்கலாம்.

முதல் சம்பளத்தில் கிரெடிட் கார்டில் 36,000 ரூபாய் போன் வாங்கினேன். 'மினிமம் டியூ' மட்டும் கட்டி வருகிறேன். சரிதானே?
– வாசகர், திருநெல்வேலி

இல்லை. மாதம் 3.75 சதவீத வட்டி என்றால் 1,350 ரூபாய். அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 243. நீங்கள் 'மினிமம் டியூ'வாக, அதாவது குறைந்தபட்சத் தொகையாகக் கட்டும் 5 சதவீதமான 1,800இல் கடன் குறைவது சுமார் 207 ரூபாய்தான். அதோடு, பாக்கி நிற்கும் வரை அந்தக் கார்டில் வாங்கும் எதற்கும் வட்டியில்லாக் காலம் கிடையாது, வாங்கிய அன்றிலிருந்தே வட்டி. கார்டை எடுத்து வைத்துவிட்டு, பாக்கியைத் தவணையாக மாற்றித் தரும்படி வங்கியிடம் கேளுங்கள். வட்டி பாதிக்கும் கீழே வர வாய்ப்புண்டு. கையில் சேமிப்பு இருந்தால் அதை எடுத்து அடைப்பது அதைவிட நல்லது.

அலுவலக நண்பர்கள் மாதம் 5,000 ஏலச்சீட்டில் சேரச் சொல்கிறார்கள். அம்மாவும் ஊரில் சீட்டுப் போடுவார். சேரலாமா?
– வாசகி, மதுரை

1982ஆம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டப்படி பதிவுபெற்ற சீட்டு என்றால், பதிவு எண்ணைக் கேட்டு மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் சரிபார்த்துவிட்டுச் சேரலாம். நடத்துபவர் கமிஷன் 7 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பதிவில்லாத சீட்டில் எடுத்தவர் கட்டாமல் போனாலோ நடத்துபவர் ஊரை விட்டுப் போனாலோ நீங்கள் கேட்க இடமில்லை. அம்மாவுக்குத் தெருவில் எல்லோரையும் தெரியும், அதுவே அவருக்கு உறுதி. வேலை மாறிப் பிரிந்து போகும் அலுவலக நண்பர்களிடம் அந்த உறுதி கிடையாது. இருபதாயிரத்துச் சொச்சம் சம்பளத்தில் 5,000 என்பது அதிகமும்கூட.

இன்டர்வியூ முடிந்து ஆஃபர் வந்திருக்கிறது. லேப்டாப் டெபாசிட் 4,500 ரூபாயை ஜி-பேயில் அனுப்பச் சொல்கிறார்கள். சேர்ந்ததும் திருப்பித் தருவார்களாம்.
– வாசகர், கடலூர்

அனுப்பாதீர்கள். வேலை தருகிற நிறுவனம் சேர்வதற்கு முன் பணம் கேட்காது. மின்னஞ்சல் நிறுவனத்தின் சொந்த முகவரியிலிருந்து வந்ததா, பொது ஜிமெயிலிலிருந்தா என்று பாருங்கள். நிறுவன இணையதளத்தில் இருக்கும் எண்ணுக்கு நீங்களே அழைத்து ஆஃபர் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். பணம் ஏற்கெனவே போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். பணம் கணக்கு மாறுவதற்குள் புகார் பதிவானால்தான் முடக்கிவைக்க முடியும். அவர்களுக்கு அனுப்பிய ஆதார், பான் நகல்களை வைத்து உங்கள் பெயரில் கடன் வாங்கப்பட்டிருக்கிறதா என்று ஒரு மாதம் கழித்துச் சிபில் அறிக்கையில் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு முறை அந்த அறிக்கை இலவசம்.